99 சதவீதம் எதைச் சொல்கிறது?

சின்னம்மை வராத பெரியவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் தவறாமல் ஓர் எண்ணை எடுத்து வைக்கிறார்கள்: இரண்டு தவணை போட்டால் 99 சதவீதம் பாதுகாப்பு. ஊசி வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. வயது வந்தபின் கண்ட அம்மை நுரையீரல் வரை இறங்கும். சாவு அபாயம் குழந்தைகளுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறுவயதில் அம்மை காணாமலே வளர்ந்தவர்களும் அதிகம். என் சண்டை அந்த எண்ணோடு.

இரண்டாம் தவணைக்குப் பின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட்டவர்கள்தான் 99 சதவீதம். அம்மை வராமல் தப்பியவர்கள் அல்ல. அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற வாரிவாக்ஸ் ஊசியை 13 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் போலி ஊசியோடு ஒப்பிட்டுச் சோதிக்கவே இல்லை. தயாரிப்பாளரின் குறிப்பேடே இதைச் சொல்கிறது. அதில் இருக்கும் சான்று சிறியது. இரண்டு தவணையும் போட்டுக்கொண்டு, பிறகு வீட்டிலேயே ஒருவருக்கு அம்மை கண்டபோது கூட இருந்தவர்கள் 64 பேர். அவர்களில் 17 பேருக்கு அம்மை வந்தது, அதாவது 27 சதவீதம். ஊசி போடாத குழந்தைகளில் 87 சதவீதம் வரை வரும் என்பது பழைய கணக்கு. அதோடு வைத்துப் பார்த்தால் பாதுகாப்பு ஏறத்தாழ 70 சதவீதம். அந்தப் பழைய கணக்கும் வேறு காலத்து, வேறு மனிதர்களுடையது.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு 50க்கும் குறைவான கொப்புளங்களே. உண்மை, பெரிய நன்மை. ஆனால் அந்தக் கொப்புளமும் தொற்றும். 99 சதவீதம் என்று நம்பிய செவிலியர் நாலு கொப்புளத்தைச் சூட்டுக் கட்டி என்று ஒதுக்கிவிட்டுப் பிரசவ வார்டுக்குப் போவார். அங்கே அம்மை காணாத கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் கருவுக்கும் ஆபத்து. ஒரே தவணையோடு நின்றவர்களின் நிலை இன்னும் மோசம்: ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எதிர்ப்பொருளே உருவாவதில்லை.

எழுபது என்று சொன்னால் யாரும் ஊசி போட வரமாட்டார்கள் என்கிறார்கள். காசு கொடுத்துத் தனியார் மருத்துவமனையில் போட்டுக்கொள்கிறவருக்கு உண்மையைத் தாங்கும் தெம்பு இல்லை என்று யார் முடிவு செய்தது? எதிர்ப்பொருள் கணக்கைப் பாதுகாப்புக் கணக்காகக் காட்டுவது ஏமாற்று. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. போட்டபின்னும் அம்மை வரலாம், பெரும்பாலும் லேசாகத்தான் வரும், கொப்புளம் கண்டால் வேலைக்குப் போகாதீர்கள் என்று ஊசி போடும் அறையிலேயே சொல்ல அரை நிமிடம் போதும்.