தைலமர விறகில் ஓடும் ரயில்

அன்ஹூமாஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் என்ஜின் கண்ணில் படுமுன்னே வாசனை வந்துவிட்டது. நிலக்கரிப் புகையின் கந்தக நெடி அல்ல. விறகடுப்பில் வெந்நீர் கொதிக்கும் பின்கட்டின் வாசனை, அதில் இழையாகத் தைலமர மணம். பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில், கம்பினாஸ் நகரத்தின் ஓரம் அது. இத்தனை தூரம் பறந்து வந்ததற்கு அந்த ஒரு மூச்சே போதும் என்று தோன்றியது.

புகைக்கு நடுவே நின்றிருந்தாள் அவள். ஆமாம், அவள்தான். நீராவி ரயிலை பிரேசில்காரர்கள் 'மரியா ஃபுமாசா' என்கிறார்கள். புகைக்கார மரியா! கறுத்த சின்ன உடம்பு, பளபளவென்று பித்தளை மணி, பின்னால் டெண்டர் நிறையப் பிளந்த கட்டைகள். தண்டவாளம் நம் எழும்பூர் வண்டிகள் ஓடிய அதே மீட்டர் கேஜ். அந்த அகலத்துக்கேற்ற சிறிய என்ஜின் என்பதால், அண்ணாந்து பார்த்து மிரள வேண்டியதில்லை. பக்கத்தில் போய் நிற்கலாம், மூச்சு விடுவதைக் கேட்கலாம்.

நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்த ஃபயர்மேன் மேலே ஏறி வரும்படி கையசைத்தார். எனக்கு போர்த்துகீசியம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. உலைக் கதவைத் திறந்து காட்டினார். நிலக்கரித் தீ வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். இதுவோ ஆரஞ்சும் மஞ்சளுமாக, நாக்கு நாக்காக, கட்டைகளுக்கு இடையே புகுந்து புறப்படும் உயிருள்ள தீ. ஒரு கட்டையை என் கையில் கொடுத்து உள்ளே போடச் சொன்னார். போட்டேன்! படபடவென்று பட்டை வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

விறகில் ரயில் ஓட்டுவது லேசான வேலை இல்லை. எடைக்கு எடை பார்த்தால், நல்ல நிலக்கரி தரும் சூட்டில் பாதியைத்தான் விறகு தரும். அதனால் ஃபயர்மேன் ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டியில் பால் பொங்குவதைப் பார்க்கும் கவனத்தோடு அவர் பிரஷர் மீட்டரையும் தண்ணீர்க் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏற்றம் வருமுன்பே தீயை வளர்த்துவிட வேண்டும், ஏறத் தொடங்கியபின் அல்ல. விறகுக் கங்கு லேசானது, புகைபோக்கி இழுக்கும் இழுப்பில் பறந்துவிடும். பாதையோரப் புல் பற்றிக்கொள்ளாமல் இருக்க விறகு என்ஜின்களுக்குப் பொறிதடுப்பு வலை வேண்டும்.

இந்தத் தைலமரத்துக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. சாவ் பாவ்லோவில் நல்ல நிலக்கரி கிடையாது, கப்பலில் வர வேண்டும். ஆகவே காட்டை வெட்டி எரித்தார்கள், காடு பாதையைவிட்டு விலகிக்கொண்டே போயிற்று. 1904-ல் பவுலிஸ்டா ரயில்வே கம்பெனிக்காக எட்முண்டோ நவாரோ டி ஆண்ட்ராடே என்ற இளம் வேளாண் நிபுணர் ஜுண்டியாயில் மரங்களை நட்டு ஒப்பிடத் தொடங்கினார். உள்ளூர் மரங்களையெல்லாம் முந்திக்கொண்டு வளர்ந்தது ஆஸ்திரேலியத் தைலமரம். பிறகு ரியோ கிளாரோவில் பெருந்தோப்பே உருவாக்கினார். இன்று பிரேசில் முழுக்க நிற்கும் தைலமரத் தோப்புகளின் கதை, ரயில் என்ஜினின் பசியில் தொடங்கியது!

விசில் ஊதியது. நீளமாக, கொஞ்சம் கரகரத்து. மரப்பெட்டிகள் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பின. ஜாகுவாரியுனா வரை சுமார் 24 கிலோமீட்டர். 1875-ல் காப்பிக்காக மொஜியானா கம்பெனி போட்ட பாதை இது. தோட்டங்களின் மூட்டைகள் இதன் வழியாகக் கம்பினாஸ் வந்து, அங்கே அகலப் பாதை வண்டிக்கு மாறி, சாண்டோஸ் துறைமுகம் போகும். பாதை வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் வழியாக என்ஜினை முழுசாகப் பார்க்கலாம். நான் ஒரு வளைவையும் விடவில்லை. டாங்கின்யோ நிலையம், அப்புறம் அட்டிபையா ஆற்றுப் பாலம். பாலத்தின் மேல் சக்கரச் சத்தம் வேறு சுதிக்கு மாறுகிறது. கம்பினாஸில் பிறந்து மிலான் லா ஸ்காலா வரை புகழ்பெற்ற ஓபரா இசைமேதை கார்லோஸ் கோமெஸின் பெயரில் ஒரு நிலையம். ஓர் இசைக்காரருக்கு இதைவிட நல்ல மரியாதை என்ன செய்துவிட முடியும்!

புதிய பாதை வந்ததும் கைவிடப்பட்ட தடம் இது. 1977-ல் பாட்ரிக் டோலிங்கர் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ரயில் பாதுகாப்புச் சங்கம்தான் இதைக் காப்பாற்றியது. துருப்பிடித்துக் கிடந்த என்ஜின்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வந்து உயிர் கொடுத்தவர்கள். அவர்களை எத்தனை கும்பிட்டாலும் தகும்.

சாயங்காலம் அன்ஹூமாஸுக்குத் திரும்பியதும் டெண்டருக்கு விறகு ஏற்றினார்கள். கட்டடத்தில் செங்கல் கைமாற்றுவார்களே, அப்படி வரிசையாக நின்று. நானும் வரிசையில் புகுந்துகொண்டேன். உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. மறுநாள் ஞாயிறு, வண்டி உண்டா என்று சைகையில் கேட்டேன். ஃபயர்மேன் தலையாட்டினார். நேரே போய் இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.