அஞ்சனாத்திரியும் 'சான்று' என்னும் சொல்லும்

திருமலையிலுள்ள அஞ்சனாத்திரியே அனுமன் அவதரித்த இடம் எனத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2021 ஏப்ரல் 21-ஆம் நாள், இராமநவமியன்று அறிவித்தது. 2020 டிசம்பரில் அமைக்கப்பெற்ற அறிஞர் குழு புராணம், இலக்கியம், கல்வெட்டு, புவியியல் ஆகிய சான்றுகளால் இம்முடிவை நிறுவியதாகக் கூறப்பட்டது. கருநாடகத்தில் ஆனெகுந்தியை அடுத்த அஞ்சனாத்திரிக்கு உரிமை கூறுவோர் இதனை மறுத்தனர். அவ்வாண்டு மே மாதம் திருப்பதியில் நிகழ்ந்த வாதம் உடன்பாடின்றி முடிந்தது. அனுமன் பிறந்த இடம் எது என்பது இக்கட்டுரையின் பொருளன்று. 'சான்று' என்னும் சொல் இவ்வழக்கில் ஆளப்பட்ட முறையே ஈண்டு ஆராயப்படுகிறது.

குழு பெரிதும் சார்ந்து நின்றது வேங்கடாசல மாகாத்மியம். பல புராணங்களின் பகுதிகளாகக் கூறப்படுவனவற்றின் தொகுப்பு இது. கிருதயுகத்தில் விருஷபாத்திரி, திரேதாயுகத்தில் அஞ்சனாத்திரி, துவாபரத்தில் சேஷாத்திரி, கலியில் வேங்கடாத்திரி என மலைக்கு யுகந்தோறும் பெயர் வழங்கியதாக அது கூறும். 1491-ஆம் ஆண்டுத் திருமலைக் கல்வெட்டு இந்நூலைக் குறிப்பதும் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. அக்கல்வெட்டால் நிறுவப்படுவது, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நூல் திருமலையில் போற்றப்பட்டது என்பதே. ஒரு நம்பிக்கையின் தொன்மைக்குச் சான்றாவது, நம்பப்பட்ட நிகழ்ச்சிக்குச் சான்றாகிவிடாது. இவ்வேறுபாட்டைத் தேவஸ்தானமே அறியும். சாமவை என்னும் அரசி 966-இல் வெள்ளித் திருவுருவம் அளித்த செய்தியை நாம் அறிவது, தேவஸ்தானம் 1931 முதல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளால் அன்றோ?

தமிழ் நூல்கள் கூறுவதையும் காண்போம். அகநானூற்றின் 61-ஆம் பாட்டு வேங்கடத்தை விழாச் சிறப்புடைய மலை என்கிறது; விழா எத்தெய்வத்திற்குரியது எனக் கூறவில்லை. சிலப்பதிகாரம் சங்கும் ஆழியும் ஏந்தி நின்ற திருமாலை அங்குக் காட்டுகிறது. பேயாழ்வார் அவ்வுருவில் சிவன், திருமால் இருவர் கோலமும் இசைந்திருக்கக் காண்கிறார். இவற்றினும் நம் பொருளுக்கு நெருக்கமானது கம்பராமாயணம். கிட்கிந்தா காண்டத்து நாடவிட்ட படலத்தில், தென்திசை செல்லும் வானரர்க்குச் சுக்கிரீவன் வேங்கடத்தின் பெருமையை விரித்துரைக்கிறான். அதனை அணுகினால் வீடுபேறு வாய்த்துவிடும். ஆதலின் விலகிச் செல்க என்கிறான். கேட்போருள் அனுமனும் ஒருவன். அம்மலை அவன் பிறந்த மலையாயின், அதனைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கம்பருக்கு வாய்த்திருக்காது. அவர் அதனைக் கூறவில்லை. கூறாமை மறுப்பாகாது என்பது உண்மையே. எனினும் கம்பர் வாக்கைத் திருமலைக் கட்சிக்குத் துணையாகக் கொள்ள இயலாது. வான்மீகியின் சுந்தரகாண்டமோ கேசரி மாலியவான் மலையில் வாழ்ந்து கோகர்ணம் சென்றதாகக் கூறுகிறது. இதனால் ஆனெகுந்தியின் வழக்கு வென்றுவிட்டதாகவும் கொள்வதற்கில்லை.

பாறையைச் சாட்சிக்கு அழைப்பது இன்னும் வியப்புக்குரியது. சிலாதோரணத்தின் குவார்ட்சைட்டுப் பாறை ஏறத்தாழ 150 கோடி ஆண்டு பழமையுடையதாகக் கணிக்கப்படுகிறது. இத்தொன்மையைக் காட்டிப் புராணம் மெய்யாயிற்று என்போர் உளர். புராணக் கணக்கின்படியே திரேதாயுகம் முடிந்து ஒன்பது இலட்சம் ஆண்டுகள் கூட ஆகவில்லை. 150 கோடி எங்கே, ஒன்பது இலட்சம் எங்கே! இப்பாறை யுகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆழமற்ற தொல்கடல் ஒன்றில் மணல் படிந்த கதையையே சொல்கிறது.

இதற்கு மாறானதொரு நிலை குடிமல்லத்தில் காணப்படுகிறது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. குள்ளவுருவின்மேல் நிற்கும் சிவனது உருவம் முன்புறம் செதுக்கப்பட்ட இலிங்கத்தைத் து. அ. கோபிநாதராவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவுலகுக்கு அறிவித்தார். 1973-இல் இ. கா. சர்மா அங்கு அகழாய்வு நடத்தினார். இலிங்கத்தைக் கி.மு. காலத்தது என்போரும், பிற்பட்டது என்போரும் இன்றும் உளர். ஊர் வழக்கு அவ்வுருவைப் பரசுராமர் கதையோடு இணைக்கிறது. கல்வெட்டுகளும் இறைவனைப் பரசுராமேசுவரர் என்றே வழங்கும். வழிபடுவோர் தம் கதைக்கு அகழ்குழியிலிருந்து கையெழுத்து கேட்டதில்லை. பானையோடுகளின் காலம் மாறியபோதெல்லாம் கதையை மாற்றவேண்டிய நிலையும் அவர்க்கு நேரவில்லை. அஞ்சனாத்திரி அறிக்கையோ அத்தகைய கையெழுத்தைக் கேட்டுப் பெற்றுள்ளது. ஆதலின் நாளை ஒரு புதிய கல்வெட்டோ ஏட்டுச் சுவடியோ வேறு கூறின், பக்தரும் ஆய்வாளர் முன் விடை கூற வேண்டியவராவர்.