வெட்டிய கையின் இரக்கம்

புகழ் மிகுந்த ஒன்றைத் திறனாயப் புகுவோர் இருவகைத் தவறுகளுக்கு ஆளாவதுண்டு. ஊரார் புகழ்கின்றனர் என்பதால் தாமும் புகழ்வது ஒன்று. ஊரார் புகழ்கின்றனர் என்பதாலேயே இகழ்வது மற்றொன்று. 'டீமன் ஸ்லேயர்' என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டும் நிகழ்ந்து வருகின்றன. நம் இல்லங்களில் பிள்ளைகள் இத்தொடரின் மாந்தர் பெயர்களை உறவினர் பெயர்களைப் போலச் சொல்லி மகிழ்கின்றனர். பெரியோரோ, "ஏதோ கார்ட்டூன்" என்று ஒதுக்கிவிடுகின்றனர். 2025 செப்டம்பரில் இதன் திரைப்படம் ஒன்று தமிழ்க் குரலோடும் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்துவிட்ட பிறகு, இதன் தகுதி என்ன என்பதை ஆராய்ந்து சொல்வது நம் கடமையாகிறது.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். கொயோஹாரு கோதோகே என்னும் புனைபெயருடையவர் வரைந்து எழுதிய இக்கதை, 2016 முதல் 2020 வரை ஜப்பானிய வார இதழொன்றில் 205 அத்தியாயங்களாக வெளிவந்து, 23 தொகுதிகளாக நிறைவுற்றது. யூஃபோடேபிள் என்னும் படைப்பகம், ஹாருவோ சோதோஸாகியின் இயக்கத்தில், 2019இல் இதனை 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கியது. அதனைத் தொடர்ந்து 2020 அக்டோபரில் வந்த 'முகென் ரயில்' திரைப்படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. ஹயாவோ மியாஸாகியின் 2001ஆம் ஆண்டுத் திரைப்படமாகிய 'ஸ்பிரிட்டட் அவே' அந்நாட்டில் நெடுங்காலம் வைத்திருந்த முதலிடத்தை இது கைப்பற்றியது. பணத்தின் அளவு கலையின் அளவாகாது. எனினும் இத்தனை பேரை ஈர்த்த பொருள் யாது என்று கேட்கும் கடமையிலிருந்து அது நம்மை விடுவிப்பதும் இல்லை.

கதை எளியது. காலம் 1912இல் தொடங்கிய தைஷோ காலம். தஞ்சிரோ என்னும் சிறுவன் மலைவாழ் கரி வணிகக் குடும்பத்தின் மூத்த மகன், தந்தையை இழந்தவன். கரி விற்கச் சென்று மறுநாள் திரும்பியவன், தாயும் உடன்பிறந்தார் நால்வரும் அரக்கனால் கொல்லப்பட்டுக் கிடப்பதைக் காண்கிறான். உயிர் எஞ்சிய ஒரே தங்கை நெஸுகோவும் அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளைக் கொல்ல வந்த வாள்வீரன் கியூ, அவள் தன் அண்ணனைக் காத்து நிற்பதைக் கண்டு வாளைத் தாழ்த்துகிறான். தங்கையை மீண்டும் மனிதப் பிறவியாக்கும் வழியைத் தேடித் தஞ்சிரோ அரக்கர்களை அழிக்கும் படையில் சேர்கிறான். அரக்கர் அனைவரும் முன்னொரு நாள் மனிதராக இருந்தவர்களே. முஸான் என்பவனின் குருதி கலந்தமையால் திரிந்து, மனிதரைத் தின்று வாழ்பவர்கள் அவர்கள்.

இத்தொடரைப் போற்றுவோர் முதலில் சொல்வது ஓவியத்தின் அழகு. அதில் ஐயமில்லை. வாளைச் சுழற்றும்போது எழும் நீரலைகள், ஹொக்குசாய் முதலிய பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியர்களின் கடலலைகளை நினைவூட்டுகின்றன. ஆயினும் அழகை மட்டும் தனியே பிரித்துப் புகழ்தல் முறையாகாது. சொல்லுக்குச் சிறப்பா, பொருளுக்குச் சிறப்பா என்று அரபு இலக்கணப் புலவர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 11ஆம் நூற்றாண்டில் அப்துல் காஹிர் ஜுர்ஜானி, இரண்டும் தனித்து நிற்கையில் சிறப்பில்லை, 'நள்ம்' எனப்படும் கோவையிலேயே சிறப்பு உண்டு என்று நிறுவினார். இத்தொடருக்கும் அவ்வளவுகோல் பொருந்தும். 2019ஆம் ஆண்டுத் தொடரின் 19ஆம் பகுதி பெரிதும் புகழப்படுவது. அங்கே வாள் முறிந்து, சாவு நெருங்கிய நிலையில், நோயாளித் தந்தை பனிமழையில் இரவெல்லாம் ஆடிய வழிபாட்டு நடனம் தஞ்சிரோவின் நினைவில் எழுகிறது. உடனே வாளின் நீரலை தீயலையாக மாறுகிறது. தந்தை விட்டுச் சென்ற செல்வம் மகனின் கையில் விளங்கும் அந்த நொடியில் ஓவியமும் பொருளும் ஒன்றாகின்றன. இது கோவையின் வெற்றி. பின்வந்த பகுதிகள் பலவற்றில் அவ்வொற்றுமை தளர்ந்தது. 2024இல் வந்த வீரர் பயிற்சிப் பகுதி, மூலத்தின் சில அத்தியாயங்களை எட்டுப் பகுதிகளாக நீட்டியது. ஓவியம் வளர்ந்தது, பொருள் வளரவில்லை.

ஆகவே ஓவியத்தை இதன் தலையாய சிறப்பாக நாம் கொள்ளவில்லை. நம் கருத்தில் இத்தொடரின் உண்மையான செல்வம், பகைவனுக்காக அழும் அதன் இயல்பு. தஞ்சிரோ தேர்வுக் களத்தில் முதன்முதல் வீழ்த்திய பெரிய அரக்கன், மடியும் தறுவாயில், சிறுவனாக இருந்தபோது தன் கையைப் பற்றி நடந்த அண்ணனை நினைக்கிறான். தஞ்சிரோ அவனது கையைப் பற்றி, அவனுக்காக வேண்டுகிறான். சிலந்தி மலையில் ருய் என்னும் சிறுவன் அரக்கன். மனிதனாக இருந்தபோது நடக்கவும் வலுவற்ற நோயாளி; வலிமை வேண்டி அரக்கனாகிப் பெற்றோரையே கொன்றவன். கியூவின் வாளால் அவன் தலை வீழ்ந்த பின், எஞ்சிய சிற்றுடலின் முதுகில் தஞ்சிரோ கை வைக்கிறான். உயிர்களைத் தின்றவனுக்கு இரங்காதே என்று கியூ கடிகிறான். அவர்களும் மனிதர்களாக இருந்தவர்களே என்று தஞ்சிரோ மறுமொழி தருகிறான். தொல்காப்பியர் எண்ணிய மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தை வளர்க்கும் கதைகள் பல. வீரனின் பெருமிதத்தோடு அழுகையை இணைக்கும் கதைகள் சில. இஃது அச்சிலவற்றுள் ஒன்று.

இவ்வியல்பு இத்தொடரோடு பிறந்ததன்று. ஜப்பானியரின் 'நோ' நாடகத்தில் இதற்கு ஆழமான வேர் உண்டு. இறந்தவனின் ஆவி வழிச் செல்லும் துறவியின் முன் தோன்றித் தன் வாழ்வைச் சொல்லி அமைதி அடைவது அந்நாடகங்களின் பெருவழக்கு. ஸெயாமி இயற்றிய 'அத்ஸுமோரி' அவற்றுள் புகழ்பெற்றது. 1184இல் இச்சி-நோ-தானிப் போரில் குமகாய் என்னும் வீரன், அத்ஸுமோரி என்னும் இளைஞனைக் கொன்றான். பின்னர் அச்செயலின் பாரம் தாங்காது வாளைத் துறந்து துறவியானான். நாடகத்தில் அவனே போர்க்களத்துக்கு மீண்டு வந்து, தான் கொன்றவனுக்காக வேண்டுகிறான். பழி தீர்க்க எழுந்த ஆவி, இவன் இனிப் பகைவன் அல்லன் என்று உணர்ந்து அடங்குகிறது.

இம்மரபோடு ஒப்பிடும்போதே தொடரின் குறை நமக்குப் புலனாகிறது. குமகாயின் இரக்கம் அவன் வாழ்வையே விலையாகக் கேட்டது. வெட்டிய கை பின்னர் வாளைத் தொடவில்லை. தஞ்சிரோவின் இரக்கமோ பெரும்பாலும் வெட்டிய பின் வருகிறது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த களத்துக்குச் செல்ல அது அவனைத் தடுப்பதில்லை. அரக்கனின் பழங்கதையும் அவன் தலை வீழ்ந்த பிறகே நமக்குச் சொல்லப்படுகிறது. முன்னரே சொல்லப்பட்டிருப்பின் வெட்டு நம் நெஞ்சிலும் விழுந்திருக்கும். பின்னர் சொல்லப்படுவதால் வெற்றியின் மகிழ்ச்சியையும் இரக்கத்தின் இனிமையையும் பார்வையாளர் ஒருங்கே பெறுகின்றனர். இரண்டில் எதற்கும் விலை கொடுப்பதில்லை. முதன்முறை நெஞ்சை உருக்கிய இம்முறை, பலமுறை வரும்போது அச்சுப் போலாகிவிடுகிறது. தலை வீழ்ந்தால் பழங்கதை வரும் என்று பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றனர்.

இன்னொரு குறையும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய பகுதியில் கியூதாரோ, தாகி என்னும் அண்ணன் தங்கை அரக்கர்களாக வருகின்றனர். பெண்களை விலைப்பொருளாக்கிய யோஷிவாராவின் கடைக்கோடிச் சேரியில் பிறந்தவர்கள் அவர்கள். பசியும் இழிவும் அண்ணனை வளர்த்தன. தங்கையோ உயிரோடு தீயிலிடப்பட்டாள். அவர்களை அரக்கராக்கிய முதற்காரணம் அந்தச் சமூகத்தின் கொடுமை. கதை அதனைக் காட்டுகிறது. காட்டிவிட்டு உடனே கடந்து போகிறது. உலகத் தீமை அனைத்தும் முஸான் ஒருவனின் குருதியிலிருந்து ஊற்றெடுப்பதாகவும், அவனை அழித்தால் யாவும் தீருமென்றும் கதை அமைந்துள்ளது. முஸானுக்கோ சிறிதும் இரக்கம் காட்டப்படவில்லை. தீமையை ஓரிடத்தில் குவித்து வைத்தால், மற்றவர்க்கு இரங்குவது எளிதாகிவிடுகிறது. யோஷிவாராவில் பெண்களை விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் அரக்கக் குருதி தேவைப்படவில்லை என்பதைக் கதை நின்று எண்ணியிருக்கலாம்.

இவ்வாறு சொல்வதால் தொடர் புகழுக்குரியதன்று என்று நாம் முடிவு கட்டவில்லை. இரக்கம் வாளைத் தடுக்கும் இடங்களும் இதில் உள்ளன. எழுத்தின்மீது காதல் உடையோர் மறக்க இயலாத இடம் ஒன்றைச் சொல்வோம். கியோகாய் என்னும் அரக்கன் முன்பு எழுத்தாளனாக இருந்தவன்; அவன் எழுதிய தாள்களை ஒருவன் இகழ்ந்து மிதித்தான். அவனோடு போர் நடக்கையில் அறையெங்கும் அத்தாள்கள் சிதறுகின்றன. எலும்பு முறிந்த வேதனையிலும், உயிர்போகும் ஆபத்திலும், தஞ்சிரோ அவற்றை மிதியாமல் விலகிக் கால் வைக்கிறான். கொலைகளை மன்னிக்க இயலாது என்கிறான். அவன் கலையை மதிக்கவும் செய்கிறான். மதிப்பும் நீதியும் ஒரே செயலில் நிற்பதை இதைவிட எளிமையாகக் காட்டுதல் அரிது. சிலந்தி மலையிலும், ருய்க்கு அஞ்சி வாழ்ந்த அரக்கி ஒருத்தி சாவையே விடுதலையாகக் கருதிக் கழுத்தை நீட்டுகிறாள். தஞ்சிரோ வெட்டும் முறையைப் பாய்ச்சலின் நடுவே மாற்றி, வலியில்லாத வெட்டைத் தேர்கிறான். வறட்சிக்குப் பின் பெய்யும் அருள்மழை என்பது அவ்வெட்டின் பெயர். மழையை 'ரஹ்மத்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது நெஸுகோவுக்காகத் தரப்பட்ட பிணை. அரக்கியைக் காத்தான் என்ற குற்றத்துக்காகத் தஞ்சிரோ படைத்தலைவர்கள் முன் நிறுத்தப்படுகிறான். அவள் மனிதரைத் தாக்கினால் தஞ்சிரோவும், ஆசிரியர் உரோகொதாகியும், கியூவும் வயிற்றைக் கிழித்து மாண்டு போவர் என்று எழுதப்பட்ட மடல் அங்கே படிக்கப்படுகிறது. தற்கொலையை நாம் ஏற்பதில்லை. ஆயினும் சொல்லுக்குப் பிணையாக உயிரை வைத்தமையின் கனம் நமக்கு விளங்குகிறது. பகைவர் இனத்தவள் ஒருத்தியை நம்புவதற்கு அம்மூவரும் விலை கொடுத்தனர். சினங்கொண்ட வீரன் ஒருவன் தன் குருதியை அவள் முன் சிந்திச் சோதித்தும், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முடிவுப் பகுதியில் தஞ்சிரோவே அரக்கனாக்கப்படும்போது, இதே சோதனை அவன் தோழர்களுக்கு வருகிறது. வெட்ட ஓங்கிய இனோஸுகேயின் கை நின்றுவிடுகிறது. கதை முழுவதும் எளிதாக இருந்த வெட்டு அங்கே அரிதாகிறது. கதை தன் வினாவை உண்மையாகச் சந்திக்கும் இடம் அதுவே.

நெஸுகோவைப் பற்றி ஒரு சொல். வாயில் மூங்கில் குழல் கட்டி, முதுகுப் பெட்டியில் சுமக்கப்படும் அவள் கதையின் பெரும்பகுதியில் ஒரு வாக்கியமும் பேசுவதில்லை. அண்ணனின் அன்பை நாம் ஆயிரம் சொற்களில் கேட்கிறோம். தங்கையின் நெஞ்சைக் கேட்க வழியில்லை. சகர் என்னும் சகோதரனை இழந்து கன்ஸா பாடிய இரங்கற்பாக்களை அரபு மொழி பதினான்கு நூற்றாண்டுகளாகப் போற்றி வருகிறது. அங்கே பேசுகிறவள் சகோதரி. அத்தகைய குரல் நெஸுகோவுக்கும் கிடைத்திருந்தால், உடன்பிறப்பின் கதை என்னும் பெயர் இத்தொடருக்கு முழுமையாகப் பொருந்தியிருக்கும்.

சிறுவர் கதைக்கு இத்தனை நிறுவை எதற்கு என்று கேட்கலாம். முதியோர் ஒரு கதையைக் கேட்டு மறப்பர். சிறுவர் அதனைக் கொண்டே நன்மை தீமையின் எல்லையை வகுத்துக்கொள்வர். ஆதலால் சிறுவர் கதைக்கே நிறுவை மிகுதியும் வேண்டும். இதில் தலைகள் வீழ்கின்றன, குருதி மிகுதி. ஜப்பானிலேயே 'முகென் ரயில்' படத்துக்கு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு காண வேண்டும் என்னும் தரச்சான்று வழங்கப்பட்டது. அதே படத்தில்தான், வலிமையோடு பிறந்தவர்க்கு எளியோரைக் காக்கும் கடமை உண்டு என்று ரெங்கோகுவின் தாய் மகனுக்குச் சொல்கிறாள். சாகா வாழ்வு தருவதாக அரக்கன் அழைத்தும், ரெங்கோகு அதனை மறுத்து, ரயிலில் வந்த பயணிகளைக் காத்து மடிகிறான். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் உடன் அமர்ந்து காணத்தக்க படம் அது. இளஞ்சிறுவர்க்கு ஏற்றதன்று.

ஆக, நம் முடிவு இது. ஓவியத்துக்காக இத்தொடருக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பகுதி மிகை. பகைவனுக்கு இரங்கியதற்காக அது புகழப்படுமாயின், அப்புகழ் தக்கதே. அவ்விரக்கம் பல இடங்களில் காலம் தாழ்த்தி, விலையின்றி வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் 26 பகுதிகளையும் 'முகென் ரயில்' படத்தையும் கண்டவர் இதன் சிறப்பில் பெரும்பங்கைக் கண்டவராவர். பிள்ளைகளோடு காணும் பெற்றோர், படம் முடிந்ததும் ஒரு வினாவை அவர்கள்முன் வைக்கலாம்: அந்த அரக்கனின் கதை, அவன் தலை வீழும் முன்பே தஞ்சிரோவுக்குத் தெரிந்திருந்தால், அவன் என்ன செய்திருக்க வேண்டும்? பிள்ளைகள் தரும் விடைகளைப் பெரியோர் பொறுமையோடு கேட்டால், "ஏதோ கார்ட்டூன்" என்று ஒதுக்கியதன் பின்னே எத்தனை பெரிய பேச்சு காத்திருந்தது என்பது விளங்கும்.