செவ்வாய்க்கிழமை அந்தோனியார்

பதுவை அந்தோனியார் அடக்கம் செய்யப்பட்டது 1231 ஜூன் 17, ஒரு செவ்வாய்க்கிழமை. அவருக்கான நவநாள் உலகெங்கும் செவ்வாயில் விழுவது அதனால்தான். மட்டக்களப்பு வாவிக்கரையிலும் அதே கிழமைதான். அவர் சுரூபத்தின் முன் மெழுகுதிரி பிடித்து நிற்பவர்களில் யார் கத்தோலிக்கர், யார் சைவர் என்று பிரித்துச் சொல்வது கடினம். காணாமற்போன அடையாள அட்டை, தள்ளிப்போகும் கலியாணம், கட்டார் விசா, பிள்ளையின் ஓ.எல். பெறுபேறு எல்லாமே அவரிடம்தான் வந்து சேர்கின்றன.

இதைப் பேரம் என்று சிரிப்பவர்கள் உண்டு. ‘நீ தந்தால் நான் தருவேன்’ என்பதில் பக்தி எங்கே என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சிரிப்பு மலிவானது. பிள்ளை கேட்டு அன்னா நேர்ந்துகொண்டதை சாமுவேல் முதல் நூல் குறையாகச் சொல்லவில்லை. கண்ணகி அம்மனுக்கு வைகாசிக் குளிர்த்தி செய்யும் மண்ணில் நேர்த்தி என்பது ஒரு சமயத்தின் தனிச்சொத்தும் அல்ல. செப்டம்பர் தொடக்கத்தில் ஆயித்தியமலை சதா சகாய மாதாவிடம் படுவான்கரை வீதியால் நடந்து போகிறவர்களில் பலருக்கு, வேறெந்த வாசலும் திறக்காத காலம் ஒன்று இருந்தது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. முகாம் வாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் பதில் கிடைக்காத தாய்க்கு, பேசினால் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது. சுரூபம் அந்த வேலையைச் செய்தது. அதை இறையியல் சொல்லிக் குறைத்துவிட முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அன்னாவின் கதை பிள்ளை பிறந்ததோடு முடிவதில்லை. அடுத்த அதிகாரத்தில் அவள் பாடுவது தன் பிள்ளையைப் பற்றி மட்டுமல்ல. வலியவர் வில் முறிவதையும் எளியவர் புழுதியிலிருந்து தூக்கிவிடப்படுவதையும் பாடுகிறாள். நவநாள் பக்தி அவளுடைய முதல் அதிகாரத்திலேயே நின்றுவிடுகிறது. லூக்கா 18இல் வரும் கைம்பெண்ணுக்கும் இதே கதிதான். ‘சோர்ந்துபோகாமல் மன்றாடுங்கள்’ என்று அந்த உவமையை வைத்துப் பேசுவது பிழையல்ல, லூக்காவே அப்படித்தான் தொடங்குகிறார். ஆனால் அவள் கேட்டது என்ன? எதிராளிக்கு எதிராகத் தனக்கு நீதி. அவள் அலைந்தது கடவுளுக்கு அஞ்சாத நீதிபதி ஒருவனிடம். முப்பது ஆண்டுக்கு மேலாகக் காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பெண்கள் வாழும் ஊரில், உவமையின் அந்தப் பாதியை விட்டுவிடுவது விசித்திரமானது.

அந்தோனியாரின் கதையும் இப்படிப் பாதியில் விடப்பட்டிருக்கிறது. தொலைந்ததைத் தேடித் தருபவர் என்ற பெயர் அவருக்கு வந்த கதையில் தொலைந்தது சாவியல்ல. அவர் குறிப்பெழுதி வைத்திருந்த திருப்பாடல் புத்தகம். வேதத்தைப் போதித்ததற்காகவே 1946இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக அறிவித்தது. இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது பதுவை நகரம் 1231 மார்ச்சில் இயற்றிய சட்டம். உடைமையை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்ற அந்தச் சட்டம் அவர் வேண்டுகோளால் வந்தது.

மட்டக்களப்புக்கு இது பழங்கதையல்ல. யுத்தத்துக்குப் பின் கிராமங்களுக்குள் வந்த நுண்கடன் பல பெண்களை ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கவைத்தது. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியது. வாராவாரம் வாசலுக்கு வரும் கடன் வசூலிப்பவரை நினைத்துக்கொண்டே செவ்வாயில் மெழுகுதிரி ஏற்றும் பெண்ணிடம், இந்தப் புனிதர் கடனாளிக்காக நகர சபையிடம் வாதாடியவர் என்று யாராவது சொல்ல வேண்டாமா?

பக்தி மக்களை ஊமையாக்கிவிட்டது என்று முடிவுகட்டுவதும் அவசரம். இதே மண்ணில் பணியாற்றிய குரு சந்திரா பெர்னாண்டோ மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்து 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹெபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதா விண்ணேற்புத் திருநாளில், வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். அவருடைய சபைத் தோழர் ஹரி மில்லர் காணாமற்போனோரின் விபரங்களை ஆண்டுக்கணக்காகத் திரட்டினார். இவர்கள் திருப்பலி நிறைவேற்றிய அதே கோயில்களில்தான் நவநாளும் நடந்தது. துணிவு ஒரு கூடத்திலும் மன்றாட்டு மறு கூடத்திலுமாக, இடையில் கதவு மூடிக்கிடந்ததுதான் சிக்கல்.

அந்தக் கதவைத் திறக்க வேண்டியது மறையுரை. நவநாளை நிறுத்தவோ நேர்த்திக்காரரைக் கடிந்துகொள்ளவோ தேவையில்லை. மன்றாட்டுக் கடிதங்களை வாசிக்கும்போது ஒருவர் கேட்பதையே பத்துப்பேர் கேட்பது தெரிந்தால், அதைப் பங்குச் சபையின் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லலாம். கடன் ஒப்பந்தத்தைப் படித்து விளக்க ஒரு சட்டத்தரணியைச் செவ்வாய் மாலையில் கோயில் மண்டபத்தில் உட்காரவைக்கலாம். ஜூன் 13 அந்தோனியார் திருவிழாவில் சோற்றுப் பொதியோடு பதுவைச் சட்டத்தின் கதையையும் கொடுக்கலாம்.