கம்பெனி வண்டி எந்தப் பாறை வரை போகும்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றை ஒட்டி இருக்கும் சிற்றூர் மோவாப். பாறை மேல் வண்டி ஓட்டும் பித்துப் பிடித்தவர்களுக்கு அதுதான் தலைநகரம். சுற்றிலும் செந்நிற மணற்கல் பாலைவனம். 1950களில் யுரேனியம் தேடி வந்தவர்கள் கீறிவிட்டுப் போன தடங்கள் பல இன்று வண்டிப் பாதைகளாகியிருக்கின்றன. 1967இல் தொடங்கிய ஈஸ்டர் ஜீப் சஃபாரிக்கு இன்றும் பெருங்கூட்டம் வருகிறது. வருகிறவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு: ஷோரூமிலிருந்து எடுத்த ஃபோர் வீல் டிரைவ் வண்டியை, ஒரு நட்டு போல்ட்டைக்கூட மாற்றாமல், இந்தப் பாறைகளில் ஏற்றலாமா, கூடாதா?

விற்கிறவர்கள் ஏற்றலாம் என்கிறார்கள். ஜீப் நிறுவனம் தன் வண்டிகளின் பக்கவாட்டில் ‘டிரெய்ல் ரேட்டட்’ என்ற வில்லையைப் பதித்துத் தருகிறது. பிடிமானம், தரையிலிருந்து உயரம், திரும்பும் லாவகம், சக்கரங்கள் ஏறி இறங்கும் வீச்சு, நீரைக் கடப்பது என்று ஐந்து தகுதிகளைப் பார்த்துக் கொடுக்கும் வில்லை அது. ஆனால் ரேங்ளர் ரூபிகானில் இருக்கும் அதே வில்லை காம்பஸ் டிரெய்ல்ஹாக்கிலும் இருக்கிறது. முதல் வண்டி மோவாபின் கடினமான படிகளில் ஏறும். இரண்டாவது அந்தப் படியின் அடியில் பம்பரை இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் ஒரே முத்திரை என்றால், பாறை முன்னால் நிற்கிறவருக்கு அந்த முத்திரையால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்றும் உறுத்துகிறது: அதே நிறுவனம் ஈஸ்டர் சஃபாரிக்கு ஆண்டுதோறும் கொண்டுவந்து காட்டும் கான்செப்ட் வண்டிகளில் பெரும்பாலானவை பெரிய டயர் போட்டு, சஸ்பென்ஷனை உயர்த்தியவை.

எதிர்க்கட்சிக்காரர்கள் பழைய ஓட்டுநர்களும் உதிரிபாகம் விற்கிறவர்களும். 35 அங்குல டயர், லிஃப்ட், முன்னும் பின்னும் லாக்கர், வின்ச் இதெல்லாம் இல்லாமல் வராதே என்பது அவர்கள் வாதம். இருபது ஆண்டுகளுக்கு முன் இது பெரிதும் சரி. இன்று அப்படியே ஏற்க முடியாது, ஏனென்றால் கம்பெனி வண்டியே மாறிவிட்டது. 2003இல் வந்த முதல் ரூபிகானுக்குச் சுமார் 31 அங்குல டயர். 2018இன் ரூபிகானுக்கு 33. 2021இல் ரூபிகானுக்கு எக்ஸ்ட்ரீம் ரீகான் என்ற பொதியும், ஃபோர்டு பிரான்கோவுக்கு சாஸ்க்வாட்ச் என்ற பொதியும் வந்தபோது 35 அங்குல டயர் தொழிற்சாலையிலேயே மாட்டப்பட்டது. எதிர்க்கட்சி கேட்ட பட்டியலில் பாதியைக் கம்பெனியே இப்போது பில்லில் சேர்த்துத் தருகிறது.

ஆகவே ‘கம்பெனி வண்டி’ என்று பொதுவாகப் பேசினால் வழக்கு முடியாது. வண்டியையும் பாறையையும் பெயர் சொல்லி நிறுத்தி எடைபோட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் சக்தியை அல்ல. வண்டி எவ்வளவு மெதுவாக நகர முடியும் என்பதை. முதல் கியர், மெதுவாக ஊர்வதற்கென்றே உள்ள லோ ரேஞ்ச், ஆக்சில் மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது என்று தெரியும். மேனுவல் கியர் ரூபிகானில் அது 84. ஆட்டோமேட்டிக்கில் 77. அதே ரேங்ளரின் சஹாரா வகையில் லோ ரேஞ்ச் 4-க்குப் பதில் 2.72, ஆக்சில் விகிதமும் குறைவு என்பதால் 44-க்கு இறங்கிவிடும். காம்பஸ் டிரெய்ல்ஹாக்கில் வெறும் 20.

84 என்றால் என்ன? 33 அங்குல டயரோடு எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது வண்டி மணிக்கு ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய வேகத்தில் ஊரும். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கவே வேண்டாம். பாறையில் வண்டி உடைவது பெரும்பாலும் வேகத்தால்தான். படி ஏறவில்லை என்று ஓட்டுநர் மிதிக்கிறார், சக்கரம் காற்றில் சுழல்கிறது, சுழன்றபடியே பாறையில் இறங்கிப் பிடிக்கிறது, அந்த நொடியில் ஆக்சில் முறிகிறது. மெதுவாக ஊர முடிந்த வண்டிக்கு மிதிக்கும் அவசியம் பெரும்பாலும் வராது. லோ ரேஞ்சே இல்லாத ஆல் வீல் டிரைவ் வண்டிகளை இந்த வழக்கிலிருந்து இங்கேயே தள்ளிவிடலாம்.

ஒரு படி ஏறுவதைக் கிட்டத்தில் பார்த்தால் மற்றவை விளங்கும். முழங்கால் உயரத்தில் ஒரு மணற்கல் விளிம்பு. அதன் அடியில் செம்மணல். 33 அங்குல டயரின் பாதி உயரமே சுமார் 42 சென்டிமீட்டர்தான் என்பதால் இது அந்த டயருக்குக் கிட்டத்தட்ட எல்லை. டயர்க் காற்றைச் சாலைக்கு வைக்கும் 36 பிஎஸ்ஐயிலிருந்து 18, 20 வரை இறக்கியிருக்க வேண்டும். வண்டியை ஓடவிட்டு மோதக் கூடாது. முன் டயர் பாறையைத் தொட்டு நிற்க வேண்டும். கீழே இறங்கி எதிரே நிற்பவர் கை காட்டுகிறார்: “ரைட் ஒடி... இன்னும் கொஞ்சம்... நேர் பண்ணு... வா, வா, வா...” காற்று இறங்கிய டயர் பிதுங்கி விளிம்பைக் கவ்வுகிறது. மூக்கு மேலே எழுகிறது. இடது முன் சக்கரம் மேலே ஏறி உட்கார, இடது பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடுகிறது.

வண்டிகளின் வேறுபாடு தெரிவது இந்த நொடியில். சாதாரண டிஃபரன்ஷியல், எழும்பிய சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டு, மிதித்து நிற்கும் சக்கரத்துக்குப் போதிய விசை தராது. இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து விசையை மறுபக்கம் தள்ளும். அது வேலை செய்யும், ஆனால் சக்கரம் கொஞ்சம் சுழன்ற பிறகுதான் செய்யும். அதற்குள் டயர் மணலைத் தோண்டியிருக்கும்; படி இன்னும் இரண்டு விரல் உயர்ந்திருக்கும். லாக்கர் போட்ட வண்டியில் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றுவதால் வண்டி சத்தமில்லாமல் ஏறிப் போகிறது. ரூபிகானில் லாக்கர் முன்னும் பின்னும் கம்பெனியிலிருந்தே வருகிறது. பின் ஆக்சிலில் மட்டும் லாக்கர் உள்ள வண்டிகளும் பெரும்பாலான படிகளைத் தாண்டும், ஏறும்போது எடை பின்னால்தான் சாய்கிறது என்பதால். லாக்கரே இல்லாத வண்டி ஒரு படியை ஏறினாலும், அடுத்து வருகிறவருக்கு அதைக் கெடுத்துவிட்டுத்தான் ஏறுகிறது.

வயிறு தட்டுவது அடுத்த சிக்கல். ரூபிகானின் தரையிடைவெளி 10.8 அங்குலம், கிட்டத்தட்ட 274 மில்லிமீட்டர். விளம்பரங்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன. பாறையில் அதைவிட முக்கியமானது வீல்பேஸ். இரண்டு கதவு ரூபிகானின் வீல்பேஸ் 2,459 மி.மீ., நான்கு கதவுடையது 3,007. அதனால் மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் போகும் கோணம் முதலதற்கு 27.8 பாகை, இரண்டாவதற்கு 22.6 மட்டுமே. ஒரே முன் கோணம், ஒரே டயர், ஒரே லாக்கர் என்றாலும் நடுவில் ஐந்து பாகை போய்விட்டது. நீள வண்டி செங்குத்து ஏற்றத்தில் நிதானமாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் எலிஃபன்ட் ஹில் போன்ற இடங்களில் குட்டை வண்டிக்கே சாதகம். படிப்படியாக இறங்கும் பாறை, இறுகிய கொண்டையூசி வளைவுகள், திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே ஓட்டி இறங்க வேண்டிய ஒரு துண்டு எல்லாம் அங்கே உண்டு. அந்தப் பகுதியிலிருந்து ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வெளியேற்ற வழக்கமாக 1,000 டாலருக்கு மேல் ஆகும் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

“நான் எதையும் மாற்றாமலே ஹெல்ஸ் ரிவெஞ்ச் பாதையை முடித்தேன்” என்பதுதான் கம்பெனி வண்டிக்கு ஆதரவாக அடிக்கடி வைக்கப்படும் சாட்சி. சாட்சி சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஹெல்ஸ் ரிவெஞ்சில் பயமுறுத்துவது செங்குத்தான ஏற்றமும் இருபுறமும் சரியும் பாறை முதுகுகளும்தான். காய்ந்த மணற்கல் டயரை உப்புத்தாள் போலப் பிடிக்கும். ஏறவே முடியாது என்று தோன்றும் சரிவில் வண்டி அசையாமல் நிற்கும். ஆனால் அந்தப் பாதையின் பேர்போன தடைகளான ஹெல்ஸ் கேட், எஸ்கலேட்டர், டிப் ஓவர் சேலஞ்ச் எல்லாவற்றுக்கும் சுற்றுவழி உண்டு. முடித்தேன் என்கிறவர் எவற்றைச் சுற்றிப் போனார் என்று சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வாடகை ஜீப்பில் போனேன் என்கிறவரிடம் டயர் அளவைக் கேட்க வேண்டும். மோவாபில் வாடகைக்குக் கிடைக்கும் ஜீப்புகளில் பல ஏற்கெனவே உயர்த்தி, பெரிய டயர் மாட்டியவை. ஒருவர் தாண்டினார் என்பதாலேயே அது அந்த வண்டியின் தகுதி ஆகிவிடாது. எத்தனை அடி வாங்கித் தாண்டினார், மறுநாள் அதே வண்டியில் வீடு திரும்பினாரா என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மாற்றியமைக்கச் சொல்கிறவர்களும் விலையை முழுதாகச் சொல்வதில்லை. பணத்தை விடுங்கள். 33 அங்குல டயரைக் கழற்றி 37 மாட்டினால், ஆக்சில் கியரையும் மாற்றாதவரை, 84 என்ற அந்த விகிதம் 75-க்குச் சமமாகிவிடும். பெருமைப்பட்டு வாங்கிய நிதானத்தில் ஒரு பகுதி போயிற்று. கனமான டயரின் சுமை ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும் ஆக்சில் முனைகளிலும் ஏறுகிறது. வண்டி உயர உயர அதன் எடைமையமும் உயரும். பக்கவாட்டில் சரிந்த பாறை முதுகில் நடக்கும்போது கம்பெனி உயரத்தில் இருக்கும் வண்டியே உறுதியானது. ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பொறியாளர்கள் கணக்கிட்டுச் செய்ததில் ஒன்றை மட்டும் மாற்றினால், உடையும் இடம் நகருமே தவிரப் போகாது. அதனால்தான் புதிதாக வாங்கியவுடன் கடைக்குப் போய் லிஃப்ட் போடுவதை நான் ஏற்கவில்லை. அந்த வண்டி எங்கே தட்டுகிறது என்று ஓட்டுநருக்கே தெரியாத நிலையில் எதைச் சரிசெய்யப் போகிறார்?

இந்த வழக்கில் அநேகமாக யாரும் சேர்க்காத தரப்பு ஒன்று இருக்கிறது: பாதையோரத்து மண். கறுத்து, மேடுபள்ளமாக, பொருக்குத் தட்டியதுபோல் தெரியும் அந்த மேல்தோல் உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசியும் காளானும் மரப்பாசியும் பின்னிப் பாலை மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு டயர் ஏறினால் அது பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். படி ஏற முடியாத வண்டி என்ன செய்யும்? ஓரமாக ஒதுங்கிப் புதுத் தடம் போடும். அடுத்த வண்டி அதை அகலமாக்கும். மோவாபுக்கு அருகே லேபிரிந்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் 317 மைல் பாதைகளை வண்டிகளுக்கு மூடும் முடிவை நில நிர்வாகத் துறை 2023இல் எடுத்தது. சத்தம், மற்ற பயணிகளோடு உரசல் என்று அதற்குக் காரணங்கள் பல. நிலம் சிதைவதும் அவற்றுள் ஒன்று. தன் வண்டியால் தடத்துக்குள்ளேயே இருந்து ஏற முடியுமா என்பதுதான் என் முதல் அளவுகோல். ஏறினாரா என்பது அதற்கு அடுத்துத்தான்.

இந்த அளவுகோலின்படி என் தீர்ப்பு இது. லோ ரேஞ்ச் மட்டும் இருந்து லாக்கர் இல்லாத கம்பெனி வண்டிக்கு ஷேஃபர் டிரெய்லும், நூறு மைல் நீளும் ஒயிட் ரிம் சாலையும் போதும், அவையே வாழ்நாளுக்கும் மறக்காது. ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் பாதைக்கு அந்த வண்டியை அனுபவசாலி ஒருவர் கூட இருந்தால் மட்டும் கொண்டுபோகலாம். ரூபிகான், சாஸ்க்வாட்ச் பிரான்கோ போன்ற இரண்டு லாக்கர் வண்டிகள் ஃபின்ஸ் அண்ட் திங்ஸ், ஹெல்ஸ் ரிவெஞ்சின் முதன்மைத் தடம், பாய்சன் ஸ்பைடர் மேசா மூன்றையும் எதையும் மாற்றாமலே முறையாகத் தாண்டும். எலிஃபன்ட் ஹில்லை இரண்டு கதவு வண்டிக்குத் தயங்காமல் சொல்வேன். நான்கு கதவு வண்டிக்காரர் அடித்தகடு கீறும் என்று ஏற்றுக்கொண்டு போகட்டும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் காற்று அளக்கும் கருவி, சிறிய ஏர் கம்ப்ரஸர், நல்ல இழுவைப் பட்டை, கூட வர இன்னொரு வண்டி. இவ்வளவு போதும்.

கோல்டன் ஸ்பைக், பிரிட்செட் கேன்யன் பாதைகள் இரண்டுக்கும் வேண்டாம் என்பதே என் பதில், ரூபிகானாக இருந்தாலும். கோல்டன் ஸ்பைக்கில் பாதையைக் குறுக்கே பிளந்து கிடக்கும் கோல்டன் கிராக்கில் ஒரு சக்கரம் உள்ளே இறங்க, எதிர்மூலைச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அங்கே கம்பெனி சஸ்பென்ஷனின் வீச்சு தீர்ந்துபோய், வண்டியின் எடையைப் பக்கவாட்டுத் தகடு தாங்க வேண்டி வரும். பிரிட்செட்டின் படிகள் 33 அங்குல டயரின் பாதி உயரத்தைத் தாண்டியவை; அங்கே ஏறுவதற்கு மிதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மிதித்தால் என்ன முறியும் என்று மேலே சொல்லியாயிற்று.