விரல்நுனியில் ஆறு நிறம்

2013 ஆகஸ்டில் மாஸ்கோவில் உலகத் தடகளப் போட்டிகள் நடந்தன. தன்பாலீர்ப்பைப் பற்றிச் சிறுவர்களிடம் ‘பிரசாரம்’ செய்வதைத் தடைசெய்யும் சட்டம் ரஷ்யாவில் கையெழுத்தாகி அப்போது இரண்டு மாதம்கூட முடிந்திருக்கவில்லை. சுவீடனின் உயரம் தாண்டும் வீராங்கனை எம்மா கிரீன் திரேகாரோ தகுதிச்சுற்றுக்கு வந்தபோது அவருடைய நகங்களில் வானவில்லின் நிறங்கள் இருந்தன. அதே அணியின் ஓட்ட வீராங்கனை மோவா யெல்மரும் அவ்வாறே பூசியிருந்தார். பதாகை ஏதும் அவர்கள் ஏந்தவில்லை, முழக்கமும் எழுப்பவில்லை. ஆனாலும் ரஷ்யாவின் கோலூன்றித் தாண்டும் வீராங்கனை யெலேனா இசின்பயேவா அது தங்கள் நாட்டை மதிக்காத செயல் என்று செய்தியாளர்களிடம் கண்டித்தார். நடத்தை விதிகளை மீறியதாகலாம் என்று சர்வதேசத் தடகளச் சம்மேளனம் சுவீடன் அணிக்குத் தெரிவித்தது. இறுதிச்சுற்றில் எம்மா கிரீனின் நகங்கள் முழுச் சிவப்பாக இருந்தன. பால்புதுமையினரின் பெருமிதத்தையும் இழப்பையும் நகத்தில் தீட்டும் வழக்கத்தை எடைபோட இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அதன் வலுவும் அதன் எல்லையும் சில நாட்களுக்குள் அங்கே வெளிப்பட்டுவிட்டன.

வலுவை முதலில் பார்க்கலாம். கொடியைப் பிடிக்கத் தனியாக ஒரு நேரமும் இடமும் வேண்டும். நகமோ வேலை செய்யும் கையிலேயே இருக்கிறது. சில்லறை கொடுக்கும்போதும், கையெழுத்திடும்போதும், தாண்டுகோலுக்கு முன் நின்று கையை வீசும்போதும் அது கண்ணில் படுகிறது. எல்லோரையும்விட அதிகமாகப் பூசியவரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைப் பூசுவதற்குக் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும். கில்பர்ட் பேக்கர் 1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏற்றிய முதல் வானவில் கொடியில் எட்டு நிறங்கள் இருந்தன. இளஞ்சிவப்புத் துணி போதிய அளவு கிடைக்காமல் ஒன்று போனது. பட்டைகள் இரட்டைப்படையாக இருக்கட்டும் என்று 1979இல் இன்னொன்றும் போய் ஆறானது. கையிலோ ஐந்து விரல். ஒரு நிறத்தை விடுவதா, இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஓட விடுவதா, ஒவ்வொரு நகத்திலும் ஆறு மெல்லிய கோடுகளை இழுப்பதா என்று பூசுகிறவர் முடிவு செய்தாக வேண்டும். மோனிகா ஹெல்ம்ஸ் 1999இல் வடிவமைத்த திருநர் கொடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம் என்று ஐந்து பட்டைகள் விரலுக்கொன்றாக அமர்ந்துவிடுகின்றன. அடையாளத்தைக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்வதற்கும் இப்படி உட்கார்ந்து ஒவ்வொரு கோடாகத் தீட்டுவதற்கும் வேறுபாடு உண்டு என்றே நினைக்கிறேன்.

நினைத்தபோது அழித்துவிடக் கூடிய அடையாளத்தில் என்ன துணிச்சல் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மாஸ்கோவில் நடந்ததே அவர்களுக்குச் சாட்சி. மேலிடத்திலிருந்து ஒரு சொல் வந்ததும் ஆறு நிறம் ஒரே நிறமாகிவிட்டது. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், கேட்பவர்கள் பெரும்பாலும் பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு கேட்கிறார்கள். தெரிந்துபோனால் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் நிலையில் இருக்கும் ஓர் இளைஞருக்கு, நண்பர்களிடையே விரித்துக் காட்டிவிட்டு, தெருமுனையில் மூடிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் துடைத்துவிடக் கூடிய அடையாளம்தான் கைவசம் உள்ள ஒரே அடையாளம். வெறும் அலங்காரம் என்று சொல்லித் தப்பிக்கவும் அது இடம் தருகிறது. அதிகாரமும் இதை அற்பமாக நினைப்பதில்லை. ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ தீவிரவாத அமைப்பு என்று 2023 நவம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஜனவரியிலேயே நிஷ்னி நோவ்கரத் நகரில் வானவில் நிறத்தில் காதணி அணிந்திருந்ததற்காக ஒரு பெண்ணுக்கு ஐந்து நாள் காவல் விதிக்கப்பட்டது. காதில் தொங்கிய சிறு பொருளுக்கே இந்தத் தண்டனை என்றால், நகத்தில் ஆறு கோடு இழுத்தவரை யாரும் எளிதில் கோழை என்றுவிட முடியாது.

பெருமிதத்தைச் சொல்லும் வேலையை இந்த வழக்கம் நன்றாகவே செய்கிறது. நினைவுகூர்தலில்தான் எனக்குத் தயக்கம் எழுகிறது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம், ஒப்பனைப் பொருள் துக்கத்தைத் தாங்காது என்ற வழக்கமான வாதம் அல்ல. அந்த வாதத்தை எய்ட்ஸ் நினைவுப் போர்வை என்றைக்கோ முறியடித்துவிட்டது. கிளீவ் ஜோன்ஸ் தொடங்கிவைத்த அந்த முயற்சியில், இறந்தவர்களின் நண்பர்களும் காதலர்களும் தாய்மார்களும் வீட்டில் உட்கார்ந்து துணி தைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் தேசியத் திடலில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. இன்று அவை ஏறத்தாழ 50,000. போர்வை தைப்பதும் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட கைவேலைதான். அதை ஒரு மாபெரும் நினைவுச் சின்னமாக்கியது அதன்மேல் தைக்கப்பட்ட பெயர்கள். நகத்தில் பெயருக்கு இடமில்லை.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்க நகரமான ஆர்லாண்டோ காட்டியது. 2016 ஜூன் 12 அதிகாலையில் அந்த நகரில் பால்புதுமையினர் கூடும் பல்ஸ் இரவு விடுதியில் துப்பாக்கியோடு நுழைந்தவன் 49 பேரைக் கொன்றான். அதன்பின் வானவில் நகங்கள் இரங்கலின் அடையாளமாகவும் பரவின. கொண்டாட்டத்தின் நிறங்களையே சாவுக்கும் பூசலாமா என்று கேட்டால், பூசலாம் என்பேன். பல்ஸ் விடுதியே அப்படிப் பிறந்ததுதான். அதை 2004இல் தொடங்கியவர்களில் ஒருவரான பார்பரா போமா, 1991இல் எய்ட்ஸால் இறந்த தன் அண்ணன் ஜானின் இதயத் துடிப்பை எண்ணி அதற்கு அந்தப் பெயரை வைத்தார். ஆடலும் துக்கமும் அந்தக் கூரையின் கீழ் முதலிலிருந்தே சேர்ந்துதான் இருந்தன. என் குறை வேறு. அன்று அங்கே நடந்தது லத்தீன் இரவு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஏறத்தாழப் பாதிப்பேர் புவேர்ட்டோ ரிக்கோ வேர்கள் கொண்டவர்கள். ஆறு நிறங்கள் இதில் எதையும் சொல்வதில்லை. நம்மைச் சேர்ந்த யாரோ இறந்தார்கள் என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. ஸ்பானிய மொழியில் அழுத தாய்மார்கள் அந்தப் பொதுத் துக்கத்தில் காணாமல் போகிறார்கள். வானவில் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டே சிலரை மறைக்கிறது என்ற புகாரிலிருந்துதான் 2017இல் பிலடெல்பியா நகரம் கொடியில் கறுப்பையும் பழுப்பையும் சேர்த்தது.

நகப்பூச்சு ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும், நினைவு நிலைக்க வேண்டாமா என்ற இன்னொரு மறுப்பை நான் ஏற்கவில்லை. பல்ஸ் நினைவிடத்துக்கு வெளியே சாலையைக் கடக்கும் இடத்தில் வானவில் நிறங்களைத் தீட்டியிருந்தார்கள். 2025 ஆகஸ்டில், ஓர் இரவில், ஃப்ளோரிடா மாநிலப் போக்குவரத்துத் துறை அதை அழித்துவிட்டது. மறுநாள் மக்கள் சாக்கட்டியால் மறுபடியும் நிறம் தீட்டினார்கள். நிலையானது என்று நம்பியது போய்விட்டது. மழைக்குக் கரையும் சாக்கட்டி நினைவைக் காத்தது. திரும்பத் திரும்பச் செய்யும் கை இருக்கும்வரை உதிர்வது ஒரு குறையாகாது. ஆண்டுதோறும் அதே நாளில் மறுபடி தீட்ட வேண்டியிருப்பது, ஒருமுறை கல்லில் பொறித்துவிட்டு மறப்பதைவிட மேலானது.

வணிகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் மட்டும் வானவில் பெட்டிகளில் விற்பனைக்கு வரும் குப்பிகள் ஜூலையில் மறைந்துவிடுகின்றன. நவம்பர் 20, கொல்லப்பட்ட திருநர்களை நினைவுகூரும் நாள், எந்த விற்பனை அட்டவணையிலும் பெரிதாக இடம்பெறுவதில்லை. ஆனால், அந்த நாளின் வழக்கம் நகக்கலைக்கு ஒரு வழி காட்டுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1998இல் கொல்லப்பட்ட ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கையின் நினைவிலிருந்து, குவென்டோலின் ஆன் ஸ்மித்தின் முயற்சியால் 1999இல் அது தொடங்கியது. அங்கே கூடுகிறவர்கள் அந்த ஆண்டில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். நகத்தால் செய்ய முடியாததை வாய் செய்கிறது.

ஆகவே, பெருமிதத்துக்காகப் பூசுகிறவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை; அவர்கள் மகிழ்ச்சியாகப் பூசட்டும். நினைவுக்காகப் பூசுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஜூன் 12 அன்று நகங்களில் ஆறு நிறம் தீட்டுங்கள்; அது காயும்வரை எப்படியும் கையை அசைக்காமல் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆர்லாண்டோவில் இறந்த 49 பேரின் பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள்.