ஸ்நேப்: வீரர் சரி, ஆசிரியர்?

ஜே.கே. ரௌலிங்கின் ஹரி பொட்டர் நாவல்களில் மந்திரபானப் பாடம் எடுக்கும் ஸ்நேப் வில்லனா, இல்லையா? 2007இல் ஏழாவது நாவல் வந்ததோடு இதற்கு விடை கிடைத்துவிட்டதாகவே பலரும் கதைக்கிறார்கள். அவர் எதிரி முகாமுக்குள் இருந்த ஒற்றர். டம்பிள்டோரைக் கொன்றதும் டம்பிள்டோரே கேட்டுக்கொண்டபடிதான். லில்லி மீது வைத்த அன்புக்காக அவளுடைய மகன் ஹரியைக் கடைசிவரை காத்தார். ஆகவே நல்லவர், கணக்கு முடிந்தது என்கிறார்கள்.

முடிந்தது ஹரியின் கணக்கு. அதே வகுப்பில் இருந்த நெவிலின் கணக்கு?

மூன்றாவது நாவலில் (1999) ஒரே நாளில் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. முதலாவதில், பச்சையாக வரவேண்டிய நெவிலின் பானம் செம்மஞ்சளாகிவிடுகிறது. அதை அவன் வளர்க்கும் தேரைக்கே பருக்கப்போவதாக ஸ்நேப் மிரட்டுகிறார். ஹெர்மாயனி பக்கத்திலிருந்து மெல்லச் சொல்லிக்கொடுக்க, பானம் சரிவருகிறது, தேரை தப்புகிறது. ஆசிரியருக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். அவரோ, உதவியதற்காக 5 புள்ளிகளைக் குறைக்கிறார்.

அடுத்தது லூபினின் வகுப்பு. ஒருவர் எதற்கு ஆகக் கூடுதலாகப் பயப்படுகிறாரோ அதன் உருவத்தை எடுக்கும் பிராணி ஒன்று அலுமாரிக்குள் இருக்கிறது. நெவிலுக்கு முன்னால் அது ஸ்நேப்பாக வந்து நிற்கிறது. அவனுடைய பெற்றோரைச் சித்திரவதை செய்து புத்தி பேதலிக்கச் செய்தவர்கள் வேறு ஆட்கள் என்பது அடுத்த நாவலில்தான் நமக்குத் தெரியவருகிறது. அவர்களைவிடத் தன் ஆசிரியருக்கல்லவா அந்தப் பிள்ளை பயந்திருக்கிறான்!

"சேர் ஏசினாத்தான் புள்ளைகள் படிக்கும்" என்று வாதிடுவோர் இந்த இடத்தை மறுபடி வாசிக்க வேண்டும். நெவிலிடம் கஷ்டமான எதையும் கொடுக்க வேண்டாமென்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு ஸ்நேப் போகிறார். லூபின் அவனைத்தான் முதலில் கூப்பிடுகிறார். அவன் செய்து காட்டுகிறான்.

கண்டிப்பு பிழையல்ல. முதல் நாவலில் மெக்கொனகல் தன் சொந்த இல்லப் பிள்ளைகள் மூவருக்குத் தலா 50 புள்ளிகள் குறைத்தார். நெவிலும் அதில் ஒருவன். அது விதியை மீறியதற்கான தண்டனை. ஸ்நேப் தண்டித்தது இயலாமையை.

ஹரி தன் மகனுக்கு ஸ்நேப்பின் பெயரையும் சேர்த்து வைக்கிறான். தன் பங்கை மன்னிக்க அவனுக்கு உரிமை உண்டு. நெவிலின் பங்கை மன்னிக்க நெவில்தான் வேண்டும். ஸ்நேப் வில்லன் அல்ல என்று தாராளமாகச் சொல்லலாம். நல்லாசிரியர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.